டோவரில் தாமதமாவது கைரேகையாலா, இடத்தாலா?

வந்த கேள்வி இது. லண்டனிலிருந்து பாரிசில் நடக்கும் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குக் குடும்பத்தோடு காரில் டோவர் துறைமுகம் வழியாகப் போகவேண்டும். காரில் பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வைத்திருக்கும் கணவன் மனைவியும், ஏழும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகளும், இந்தியக் கடவுச்சீட்டில் இருக்கும் தாயாரும், சுவிஸ் குடியுரிமை பெற்ற சித்தப்பாவும் இருப்பார்கள். கைரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறையால் துறைமுகத்தில் பல மணி நேரம் நிற்கவேண்டியிருக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா, அந்த இயந்திரம்தான் காரணமா, எப்படித் தயாராகப் போவது?

முதலில் நேரடியான விடையைச் சொல்லிவிடுகிறேன். கைரேகைக் கருவி ஒருவரிடம் எடுத்துக்கொள்வது ஓரிரு நிமிடம்தான், ஆனால் அந்த ஓரிரு நிமிடம் எந்த இடத்தில் செலவாகிறது என்பதே தாமதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது. விமான நிலையத்தின் அகன்ற கூடத்தில் அது பத்து இருபது நிமிடக் காத்திருப்பாக முடிந்துவிடலாம். பாறைக்கும் கடலுக்கும் இடையே நெருக்குண்ட ஒரு முற்றத்தில், மக்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நிலையில், அதே நிமிடங்கள் மணிக்கணக்காக வளரக்கூடும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் சுற்றுலாப் பேருந்துகளுக்கு இருக்கை ஏற்பாடு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில், இந்த வேறுபாட்டை விரிவாக விளக்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த முறையின் பெயர் நுழைவு வெளியேற்ற முறைமை, இ.இ.எஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். இதற்கான ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2017-ல் நிறைவேறியது. தமக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத ஷெங்கன் பகுதியைச் சேர்ந்த 29 நாடுகளுக்குள் குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் எந்த நாளில், எந்த எல்லையில் நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பதைக் கடவுச்சீட்டில் மை முத்திரையாகப் பதிக்காமல் கணினியில் பதிவதே இதன் நோக்கம். எந்த 180 நாள்களை எடுத்தாலும் அவற்றில் 90 நாள்களுக்கு மேல் தங்கக்கூடாது என்ற பழைய விதியை, முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து எண்ணும் அதிகாரிக்குப் பதிலாக இனிக் கணினியே எண்ணும். அயர்லாந்தும் சைப்ரஸும் இந்த முறையில் இல்லை.

தொடங்கும் நாள் பலமுறை தள்ளிப்போனது. 2022 என்றார்கள், பிறகு 2023 என்றார்கள், அதன்பின் பாரிஸ் ஒலிம்பிக் முடியட்டும் என்று 2024 நவம்பர் 10-க்கு நாள் குறித்தார்கள். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து ஆகிய மூன்று நாடுகளும் தயாராக இல்லாததால் அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் 2025 அக்டோபர் 12 அன்று தொடங்கி, எல்லைகளில் படிப்படியாக விரித்து, 2026 ஏப்ரல் 10 முதல் முழு நடைமுறை என்று வகுத்தார்கள். இத்தனை ஒத்திவைப்புகளையும் சோம்பல் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. நில எல்லைகளிலும் கடல் எல்லைகளிலும் இதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு யாரிடமும் முழுமையான விடை இல்லாததும் அதற்கு ஒரு காரணம்.

இனி டோவருக்கு வருகிறேன். பிரான்சுக்குள் நுழையும் சோதனை இங்கிலாந்து மண்ணில் ஏன் நடக்கிறது என்பதை அறிந்தால்தான் மற்றவை விளங்கும். பிரிட்டனும் பிரான்சும் 2003 பிப்ரவரியில் லு தூக்கே என்ற ஊரில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன்படி பிரெஞ்சு எல்லைக் காவலர்கள் டோவரிலும், பிரிட்டிஷ் எல்லைப் படையினர் கலே, டன்கிர்க் துறைமுகங்களிலும் சாவடி அமைத்து, பயணி கப்பலில் ஏறும் முன்பே தம் நாட்டுக்கான சோதனையை முடிக்கிறார்கள். கால்வாய்ச் சுரங்க ரயிலுக்கு இதே போன்ற ஏற்பாடு அதற்கும் முன்பே, 1991-ன் சங்காத் உடன்படிக்கையால் வந்தது. சாதாரண நாள்களில் இது பயணிக்கு வசதியான ஏற்பாடுதான். கலேயில் இறங்கியதும் நிற்காமல் நெடுஞ்சாலையில் ஏறிவிடலாம். நெரிசல் நாள்களில்தான் இதன் மறுபக்கம் தெரியும். இரண்டு நாடுகளின் சோதனையும் கப்பல் நிறுவனத்தின் பதிவும் ஒரே முற்றத்தில், ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டியிருப்பதால், எதில் தடங்கல் வந்தாலும் அது டோவர் இருக்கும் கென்ட் மாவட்டச் சாலைகளில் வந்து தேங்குகிறது.

டோவரின் நிலவமைப்பு இந்தத் தேக்கத்துக்குத் தோதானது. கப்பல் ஏறும் கிழக்குத் துறைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தாக எழும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. விரிவாக்க இடமே இல்லை. அங்கே போய்ச் சேர இரண்டு முதன்மைச் சாலைகள்தான். மேற்கிலிருந்து ஊரின் ஊடாக வரும் ஏ20 ஒன்று. பாறை முகட்டிலிருந்து வளைந்து இறங்கும் ஏ2 மற்றொன்று. முற்றம் நிரம்பிய அடுத்த நிமிடமே வரிசை ஊருக்குள் நுழைகிறது. அப்போது கப்பலுக்குப் போகிறவர்கள் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. டோவரில் வசிப்பவர்கள் வேலைக்கும் மருத்துவமனைக்கும் போக முடியாமல் வீட்டுத் தெருவிலேயே முடங்குகிறார்கள். இதைத் தவிர்க்கத்தான் சரக்கு லாரிகளை ஏ20-ல் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்துச் சிறிது சிறிதாக விடும் ஏற்பாடும், எம்20 நெடுஞ்சாலையில் லாரிகளுக்குத் தனித்தடம் ஒதுக்கும் ஆபரேஷன் ப்ராக் என்ற ஏற்பாடும் இருக்கின்றன.

இப்போது கணக்கைப் பாருங்கள். எளிமைக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. மணிக்கு 100 கார்கள் வருகின்றன, சாவடிகள் எல்லாம் சேர்ந்து மணிக்கு 90 கார்களை அனுப்புகின்றன என்றால், மூன்று மணி நேரம் கழித்து வரிசையில் 30 கார்கள் நிற்கும். கடைசிக் காருக்குக் காத்திருப்பு 20 நிமிடம். ஒவ்வொரு காருக்கும் ஆகும் நேரம் ஒன்றரை மடங்காகி, சாவடிகள் மணிக்கு 60 கார்களை மட்டும் அனுப்பினால், அதே மூன்று மணி நேரத்தில் 120 கார்கள் தேங்கும்; கடைசிக் காருக்குக் காத்திருப்பு இரண்டு மணி நேரம். சாவடியில் ஆன நேரம் ஒன்றரை மடங்குதான் கூடியது, வரிசையில் ஆன நேரமோ ஆறு மடங்கு கூடிவிட்டது. 'ஒரு நிமிடம் கூடுதலாக ஆனால் என்ன குறைந்துபோயிற்று' என்று கேட்பவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. அத்துடன் கார்கள் நாள் முழுதும் சீராக வருவதில்லை. பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலையும் சனிக்கிழமை விடியற்காலையும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்புகிறார்கள்.

இதற்குச் சான்று வேண்டுமென்றால் பழைய நிகழ்வுகளே போதும். 2022 ஜூலை 22 அன்று, கோடை விடுமுறை தொடங்கிய வார இறுதியில், டோவர் துறைமுகம் நெருக்கடி நிலையை அறிவித்தது. பிரெஞ்சுச் சாவடிகளில் போதிய ஆள் இல்லை என்று துறைமுகத் தரப்பு குற்றம் சாட்டியது. சுரங்கப் பாதையில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறால் காவலர்கள் வந்துசேரத் தாமதமாயிற்று என்று பிரெஞ்சுத் தரப்பு பதில் சொன்னது. 2023-ல் ஈஸ்டருக்கு முந்தைய வார இறுதியில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிவந்த பேருந்துகள் உட்படப் பல பேருந்துகள் இரவு முழுதும் வரிசையில் நின்றன. சில பேருந்துகள் 14 மணி நேரத்துக்கும் மேல் நின்றதாகச் செய்திகள் வந்தன. இந்த இரண்டு முறையும் ஒரே ஒரு கைரேகைகூட எடுக்கப்படவில்லை என்பதை நினைவில் கொள்ளவேண்டும். நடந்ததெல்லாம் கடவுச்சீட்டைத் திறந்து, பக்கத்தைத் தேடி, முத்திரை குத்தியதுதான். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டின் மாறுதல் காலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபின் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுகளுக்கு வந்துசேர்ந்த அந்தச் சில விநாடிகளையே நெரிசல் நாளில் அந்த முற்றம் தாங்கவில்லை என்னும்போது, அதே முற்றத்தில் கைரேகைக் கருவியை வைத்தால் என்னவாகும் என்று கென்ட் மக்கள் கவலைப்பட்டது முற்றிலும் நியாயமானது.

விமான நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாட்டை இங்கே சொல்லவேண்டும். விமானப் பயணி தன் காலில் நிற்கிறார். அவரைத் தானியங்கி கியோஸ்க்குகளின் முன் வரிசையாக அனுப்பலாம். ஒருவருக்குத் தாமதமானால் பின்னால் இருப்பவர் பக்கத்துக் கியோஸ்க்குக்குப் போய்விடுவார். காரில் அப்படி நடக்காது. ஐந்து பேரில் நால்வருக்குச் சோதனை முடிந்தாலும் ஐந்தாமவருக்காகக் காரும், அதன் பின்னே நிற்கும் அத்தனை கார்களும் காத்திருக்கவேண்டும். எல்லாரையும் இறக்கிவிடலாம் என்றால், கார்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் தடத்தில் குழந்தைகளும் முதியவர்களும் நடப்பது ஆபத்து. இறக்காமலே எடுக்கலாம் என்றால், அதிகாரியோ உதவியாளரோ கையடக்கக் கருவியை ஜன்னல் வழியே நீட்டவேண்டும். பின்னிருக்கையில் தலை சாய்த்துத் தூங்கும் ஏழு வயதுக் குழந்தையின் முகம் நேராகவும், கண் திறந்தும், போதிய வெளிச்சத்திலும் படமாக வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள். அதிகாலை இருட்டு, மழை, கண்ணாடியில் படரும் ஆவி, எதிரே வரும் விளக்கொளி எல்லாமே படத்தின் தரத்தைக் கெடுப்பவை. தரம் குறைந்த படத்தைக் கணினி ஏற்காது.

கைரேகையும் அப்படித்தான். வலக்கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகிய நான்கையும் ஒன்றாகக் கண்ணாடித் தட்டில் வைக்கவேண்டும். வலக்கை இயலாதபோது இடக்கை. ஒரு குளிர்காலக் காலையில் பேருந்துப் பயணிகளோடு நானும் அந்தச் சோதனைக்கு நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வாழ்நாள் முழுதும் தண்ணீரிலும் சோப்பிலும் புழங்கிய கை. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழப்பாக இருந்தது. தட்டில் கை வைத்தார், திரையில் மூன்று விரலுக்குப் பச்சை, சுண்டுவிரலுக்குச் சிவப்பு. மறுபடி வைத்தார், இம்முறை இரண்டு விரலுக்குச் சிவப்பு. அழுத்தி வைக்கச் சொன்னார்கள், அழுத்தியதில் ரேகை இன்னும் மங்கியது. கடைசியில் அந்த அதிகாரி, பொறுமையான இளம் பெண், இரண்டு உள்ளங்கைகளையும் தேய்த்துச் சூடாக்கிவிட்டு மெதுவாக வைக்கும்படி சைகையால் காட்டினார். நான்காவது முயற்சியில் பதிந்தது. அந்த அம்மா திரும்பி, 'என்னால எல்லாருக்கும் நேரமாச்சு' என்று வரிசையைப் பார்த்து வருந்தினார். அவர் செய்த பிழை எதுவுமே இல்லை. முதியவர், கட்டட வேலை செய்பவர், சமையல் கூடத்தில் வேலை செய்பவர் என உழைத்துத் தேய்ந்த விரல்களை உடையவர்கள் பயணிகளில் எப்போதும் இருப்பார்கள். அவர்களுக்கு ஆகும் நேரத்தையும் சேர்த்துத்தான் சாவடிகளின் எண்ணிக்கையைத் திட்டமிட வேண்டும். எந்தக் கோளாறும் இல்லாத பயணியை வைத்துச் சராசரி போடும் திட்டம் முதல் நெரிசல் நாளிலேயே உடைந்துவிடும்.

பேருந்துகளின் நிலைமை இன்னும் கடினமானது. ஐம்பது பேர் உள்ள பேருந்தில் ஒவ்வொருவருக்கும் ஒன்றரை நிமிடம் கூடினால், ஒரே அதிகாரி எல்லாரையும் பார்க்கும்போது 75 நிமிடம் ஆகும், ஐந்து பேர் பார்த்தால் 15 நிமிடம் ஆகும். டோவர் துறைமுகம் இதைப் புரிந்துகொண்டு, பேருந்துப் பயணிகளை மேற்குத் துறையில் தனிக் கட்டடத்தில் இறக்கிப் பதிவுசெய்து, பிறகு பேருந்தை முத்திரையிட்டு மூடி, இடையில் யாரும் ஏறாதபடி கிழக்குத் துறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை வகுத்தது. கார்களுக்கும் இடம் தேடி, பயன்பாடு குறைந்த கிரான்வில் என்ற பழைய கப்பல்துறையைத் தூர்த்து நிலமாக்கும் திட்டத்தையும் முன்வைத்தது. 2025 அக்டோபரில் டோவரில் முதலில் இந்த முறைக்குள் கொண்டுவரப்பட்டவை பேருந்துகளும் சரக்கு வண்டிகளும்தான். கார்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது அறிவுள்ள முடிவு என்பேன். பிரிட்டிஷ் அரசு டோவர் துறைமுகம், சுரங்க ரயில் நிறுவனமான யூரோடனல், அந்தச் சுரங்கத்தில் பயணிகள் ரயில் ஓட்டும் யூரோஸ்டார் ஆகிய மூன்றுக்கும் தலா 35 லட்சம் பவுண்டு கொடுத்தது. ஒரு துறைமுகத்தின் நிலவமைப்பையே மாற்றவேண்டிய வேலைக்கு அது சிறு தொகை.

பயண நிறுவனங்கள் சொல்லும் ஓர் ஆறுதல் உண்டு. முதல் முறைதான் நேரமாகும், அடுத்த முறை விரைவாக முடியும் என்பது அது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. முதல் பதிவில் முகப்படமும் நான்கு விரல் ரேகைகளும் எடுக்கப்பட்டு, அந்த ஆள் ஏற்கெனவே வேறு பெயரிலோ வேறு கடவுச்சீட்டிலோ பதிவாகியிருக்கிறாரா என்று முழுத் தரவுத்தளத்திலும் தேடப்படுகிறது. அடுத்த முறை வரும்போது, 'இவர் இன்னார்தானா' என்ற ஒரே ஒப்பீடு போதும், பெரும்பாலும் முகத்தை வைத்தே அது முடிந்துவிடும். கோப்பு கடைசி வெளியேற்றத்திலிருந்து மூன்று ஆண்டு இருக்கும். அதற்குள் மறுபடி போய்வந்தால் அந்த மூன்று ஆண்டு புதிதாக எண்ணப்படும். ஆனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பவர்கள் முதல்முறைப் பயணிகளாக இருந்தால் உங்கள் பழைய பதிவு உங்களுக்கு ஒரு நிமிடத்தைக்கூட மிச்சப்படுத்தாது. விடுமுறைக் காலத்தில் கால்வாய் கடப்பவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டும் போகும் குடும்பங்கள். எனவே முதல்முறைப் பதிவின் சுமை குறையும், ஆனால் ஒருநாளும் முற்றாகத் தீராது.

முன்கூட்டியே வீட்டிலிருந்து பதிந்துகொள்ளும் செயலி ஒன்றும் உண்டு. ஐரோப்பிய எல்லைக் காவல் முகமையான ஃபிரான்டெக்ஸ் உருவாக்கிய அதில், எல்லையைக் கடப்பதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் கடவுச்சீட்டு விவரத்தையும் முகப்படத்தையும் அனுப்பலாம். ஆனால் அதை ஏற்பதா இல்லையா என்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். சுவீடன்தான் முதலில் ஏற்றுக்கொண்டது. கைரேகையை எந்தச் செயலியாலும் எடுக்க முடியாது, அதற்கு எல்லையில் கை வைத்தே ஆகவேண்டும். ஆகவே பயணத்துக்கு முன் பிரான்ஸ் அதை ஏற்கிறதா என்று கப்பல் நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், அதை மட்டும் நம்பி நேரத்தைத் திட்டமிடாதீர்கள்.

மற்றத் துறைமுகங்களைப் பற்றிச் சுருக்கமாக. போர்ட்ஸ்மத், பிளிமத், நியூஹேவன், ஹாரிச் ஆகிய இடங்களில் பிரெஞ்சு, டச்சுக் காவலர்கள் இல்லை. அங்கிருந்து புறப்படுபவர்களுக்குச் சோதனை கப்பல் அக்கரை சேர்ந்தபின், கான் நகரின் துறைமுகமான ஊய்ஸ்திராமிலோ, சென் மாலோவிலோ, தியெப்பிலோ, ஹூக் ஆஃப் ஹாலந்திலோ நடக்கும். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வண்டிகள் இறங்குவதால் அங்கேயும் வரிசை உண்டு, ஆனால் கப்பலைத் தவறவிடும் அச்சம் இல்லை. ஊர்ச் சாலைகளும் முடங்குவதில்லை. நேரம் தாராளமாக இருப்பவர்களுக்கு, குறிப்பாக வயதானவர்களுடன் போகிறவர்களுக்கு, இந்த வழிகளை நான் பரிந்துரைப்பதுண்டு. ஹெல்சிங்கிக்கும் தாலினுக்கும் இடையே ஓடும் கப்பல்களில் இந்தச் சோதனை எதுவும் கிடையாது, ஏனெனில் இரண்டு கரையும் ஷெங்கனுக்குள் இருக்கின்றன. கடலைக் கடப்பது எங்கும் ஒன்றுதான். அரசியல் எல்லை எந்தக் கரையில் விழுகிறது என்பதே பயணியின் நாளைத் தீர்மானிக்கிறது.

வரிசை அளவுமீறிப் போனால் இந்தப் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைக்க விதிகளில் இடமுண்டு. 2025 டிசம்பர் இறுதியில் லிஸ்பன் விமான நிலையத்தில் நெரிசல் தாங்காமல் போர்ச்சுகல் அரசு மூன்று மாதங்களுக்கு அதை நிறுத்தியது. டோவரிலும் நெருக்கடி நாளில் அப்படி ஒரு முடிவு எடுக்கப்படலாம், ஆனால் எடுக்கவேண்டியவர்கள் பிரெஞ்சு அதிகாரிகள். துறைமுக நிர்வாகத்துக்கோ பிரிட்டிஷ் அமைச்சருக்கோ அந்த அதிகாரம் இல்லை. வரிசை நிற்பது ஒரு நாட்டில், அதைக் குறைக்கும் அதிகாரம் இன்னொரு நாட்டிடம்; லு தூக்கே ஒப்பந்தத்தின் மிகப் பெரிய குறை இதுவே என்பது என் கருத்து.

இன்னொரு குறை பயணியின் இழப்பீட்டைப் பற்றியது. கப்பல் தாமதமாக அக்கரை சேர்ந்தால், நான்கு மணி நேரம் வரையிலான கடற்பயணத்துக்கு ஒரு மணி நேரத் தாமதத்திலிருந்தே பயணச்சீட்டு விலையில் கால் பங்கும், தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் பாதியும் கேட்கும் உரிமை 1177/2010 என்ற ஐரோப்பிய விதியில் இருக்கிறது. வானிலை போன்ற விலக்குகளும் உண்டு. ஆனால் எல்லைச் சோதனை வரிசையில் நீங்கள் ஐந்து மணி நேரம் நின்று, கப்பல் குறித்த நேரத்தில் உங்களை விட்டுவிட்டுப் போனால் இந்த உரிமை பொருந்தாது. பெரும்பாலான நிறுவனங்கள் நெரிசல் நாளில் கூடுதல் கட்டணம் கேட்காமல் அடுத்த கப்பலில் ஏற்றிக்கொள்கின்றன, அவ்வளவுதான். கழிப்பறையும் குடிநீரும் இல்லாமல் சாலையில் நிற்கும் ஐம்பது பேர் கொண்ட பேருந்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி இன்றும் பதிலில்லாமல் நிற்கிறது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருவதை மறைக்க விரும்பவில்லை.

உங்கள் குடும்பத்துக்கு வருவோம். பிரிட்டிஷ் கடவுச்சீட்டு உள்ள நீங்கள் இருவரும் முகப்படமும் கைரேகையும் கொடுக்கவேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கும் அப்படியே. ஏழு வயதுப் பிள்ளைக்கு முகப்படம் மட்டும்தான், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கைரேகை எடுப்பதில்லை. தாயாருக்கு ஷெங்கன் விசா தேவை. விசாவுக்கு விண்ணப்பித்தபோது எடுத்த பத்து விரல் ரேகைகள் விசாத் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதால், எல்லையில் அவற்றோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள், முகப்படம் எடுப்பார்கள். சுவிஸ் சித்தப்பாவுக்கு இந்தப் பதிவே இல்லை. ஒன்றிய நாடுகளின் குடிமக்களைப் போல அவரும் கடவுச்சீட்டைக் காட்டினால் போதும். ஆனால் அதனால் காருக்கு நேரம் மிச்சமாகாது. அவர் திரும்பி லண்டனுக்கு வருவதானால் பிரிட்டனின் இணையவழி முன் அனுமதி வேண்டும். ஐரோப்பியக் குடிமக்களுக்கு 2025 ஏப்ரல் 2 முதல் அது கட்டாயம், அவருக்குப் பிரிட்டனில் வசிக்கும் உரிமை இருந்தால் தேவையில்லை. உங்களில் யாராவது பிரெஞ்சு அல்லது வேறு ஷெங்கன் நாட்டின் வதிவிட அட்டை வைத்திருந்தால் அவர்களுக்கும் இந்தப் பதிவு கிடையாது, ஆனால் அட்டை கையில் இருக்கவேண்டும், வீட்டில் இருந்தால் பயனில்லை.

இந்தப் பதிவுக்குக் கட்டணம் எதுவும் இல்லை. கட்டணம் கேட்கும் எந்தத் தளமும் ஏமாற்றுத் தளம். பின்னர் வரவிருக்கும் எட்டியாஸ் என்ற முன் அனுமதிக்குத்தான் 20 யூரோ என்று வகுத்திருக்கிறார்கள், அது வேறு.

புறப்படும்போது எல்லாருடைய கடவுச்சீட்டுகளையும் உறை நீக்கி, ஒரே ஆளிடம், யார் எந்த இருக்கையில் இருக்கிறாரோ அந்த வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். தாயாரின் கையை வெதுவெதுப்பாக வைத்திருக்கச் சொல்லுங்கள்; வறண்ட தோல் என்றால் புறப்படும்போதே சிறிது களிம்பு தடவிக்கொள்ளலாம், ஆனால் சாவடிக்கு முன் துடைத்துவிட வேண்டும். தங்கும் முகவரி, திரும்பும் சீட்டு, பயண நோக்கம் ஆகியவற்றைக் கேட்கலாம் என்பதால் திருமண அழைப்பிதழின் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பது நல்லது. தண்ணீர், குழந்தைகளுக்கு உணவு, மருந்து, எரிபொருள் எல்லாம் ஐந்து மணி நேரத்துக்குப் போதுமானதாக இருக்கட்டும். தேதியை மாற்ற முடியுமானால் விடுமுறை தொடங்கும் வெள்ளி, சனியைத் தவிர்த்துச் செவ்வாயோ புதனோ போங்கள். நிறுவனம் சொன்ன நேரத்துக்கு மிக முன்னதாகப் போய் நிற்காதீர்கள். எல்லாரும் அப்படிச் செய்வதால்தான் காலை ஆறு மணிக் கப்பலின் வரிசையில் பத்து மணிக் கப்பலின் கார்களும் சேர்ந்துகொள்கின்றன.

திரும்பும் வழியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கலேயில் முதலில் பிரெஞ்சுக் காவலர்கள் உங்கள் வெளியேற்றத்தைப் பதிவுசெய்வார்கள், அதன்பிறகே பிரிட்டிஷ் சாவடி. அந்த வெளியேற்றப் பதிவு ஏதோ காரணத்தால் விடுபட்டால், நீங்கள் இன்னும் பிரான்சில் இருப்பதாகவே கணினி எண்ணிக்கொண்டிருக்கும். 90 நாள் கடந்ததும் கூடுதலாகத் தங்கியவர்கள் பட்டியலில் பெயர் சேரும், அப்படிப்பட்ட கோப்பு மூன்று ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டு இருக்கும். நெரிசல் நாளில் அவசர அவசரமாகக் கார்களை விடும்போது இப்படி நேரக்கூடும். விடுபட்டது என்று காட்ட, குறித்த நாளில் வெளியேறியதற்கான ஆவணச் சான்று செல்லும். ஆகவே திரும்பும் கப்பலின் பயணச்சீட்டையும், ஏறும்போது கண்ணாடியில் மாட்டக் கொடுக்கும் தடச்சீட்டையும், அன்று டோவரில் இறங்கியபின் எரிபொருள் போட்ட ரசீதையும் குப்பையில் போடாமல், அடுத்த ஐரோப்பியப் பயணம் முடியும்வரை கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள்.